ஏழு இரும்பு வளையங்கள்

எங்கள் தெருவில் விக்டோரியா ராணி காலத்தில் கட்டிய வீடுகள் பதின்மூன்று இருந்தன. ஓசூரில் குதிரை வளர்த்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்காகக் கட்டியவை. பன்னிரண்டை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். மிச்சம் எங்கள் வீடு.

கம்பெனி ஸ்டோர்ஸில் முப்பத்தொரு வருடம் நட்டு, போல்ட்டு எண்ணியவன் நான். ஓய்வுக்குப் பிறகு தெருவின் வரலாற்றை எழுத ஆரம்பித்தேன். காரணம் என் மகன். வீட்டை பில்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள், "துரை குடியிருந்த வீடுன்னு ஆதாரத்தோட எழுதிக் காட்டுங்கப்பா. அப்புறம் நான் வாயே தொறக்கல. இல்லேன்னா குடுத்துடணும்," என்றான்.

நாற்பத்தாறு பக்கம் எழுதினேன். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒன்பது. சுவரில் ஏழு இரும்பு வளையங்கள். துரைசாணி திரைச்சீலை கட்டியவை என்று எழுதினேன். வாசலில் நீளமான கல்தொட்டி. அவள் பூச்செடி வளர்த்தது என்று எழுதினேன். அதில்தான் என் மனைவி துளசி வைத்திருக்கிறாள்.

போன செவ்வாய்க்கிழமை கெலமங்கலத்திலிருந்து புளி கொண்டுவந்த பெரியவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். வளையங்களைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"இது லாயம் சாமி. எங்க தாத்தனோட அப்பன் இங்கதான் குதிர தேய்ச்சாராம். ஏழு வளையம், ஏழு குதிர. வெளிய இருக்கறது தண்ணித் தொட்டி."

"லாயமா! என்ன ஆதாரம்?" என்றேன்.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அது வழக்கம்போல் வடகிழக்கு மூலைக்கு ஓடியது. இருபது அடிக்கு மூன்று அங்குலச் சரிவு. எந்தக் கொத்தனாரோ கவனமில்லாமல் போட்ட தரை என்று நாற்பத்து மூன்று வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"மூத்திரம் ஓட வேணாமா சாமி? அந்த மூலையில குழி இருந்திருக்கும்."

அந்த மூலையில் எங்கள் பூஜை அலமாரி இருக்கிறது. சமையலறை வாசலில் நின்ற என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அங்கயா நான் தெனம் கோலம் போட்டேன்!"

எனக்குத் தலை சுற்றியது. சுவரைப் பிடிக்கப் போனேன். கைக்கு அகப்பட்டதும் ஒரு வளையம்தான்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் அந்த ஒன்பது பக்கத்தையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கம் எழுதினேன். ஷிப்ட் முடிந்து வந்த மகனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான்.

"குதிர லாயமா? இத்தன வருசம் இதுக்காப்பா பெருமை பேசினீங்க?" சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "பேச்சுன்னா பேச்சுதாம்ப்பா. ஞாயித்துக்கிழம பில்டர வரச் சொல்றேன்."

நான் தலையாட்டினேன்.

அவன் போனபின் மனைவி கேட்டாள்: "அந்தப் பெரியவர் சொன்னது நம்ம ரெண்டு பேருக்குத்தான தெரியும். பேசாம இருந்திருக்கலாமில்லீங்க?"

"பதிமூணாவது வீட்டப் பொய்யா எழுதினா, இடிச்ச பன்னெண்டையும் எவன் நம்புவான்?"

அவள் பூஜை அலமாரியிலிருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோனாள். பதினோரு படங்கள்.