புறக்காவல் நிலையத்தில் முக்கால் மணி நேரம்

மாலை ஐந்து பத்துக்குச் சேவூர் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நின்றது. ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் அதிலிருந்து இறங்கவில்லை. அவளிடம் போன் கிடையாது. பள்ளிக்குப் போன் செய்தேன்; எல்லாப் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்கள் என்றார் வாட்ச்மேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆரணி பஸ் நிலையத்துப் புறக்காவல் நிலையத்துக்கு ஓடினேன்.

அங்கே ஒரே ஒரு பெண் காவலர் இருந்தார். பஸ்ஸில் மகள் வரவில்லை என்று அவரிடம் சொன்னேன். "மூணு பேர் இருக்க வேண்டிய எடம்ங்க இது. ரெண்டு பேரையும் ஜீப்பையும் போளூர் திருவிழா பந்தோபஸ்துக்கு அனுப்பிட்டாங்க. நானும் எழுந்து போனா நாற்காலிதான் காவல் காக்கணும்," என்றார்.

பிறகு என் ஸ்கூட்டர் சாவியை வாங்கிக்கொண்டார். "இந்தப் பதட்டத்துல நீங்க வண்டி ஓட்டாதீங்க. இங்கியே உக்காந்துகினு இருங்க. யாராச்சும் வந்தா பேர எழுதி வைங்க. பஸ் போற வழியில ஜல்தியா பாத்துட்டு வந்துடறேன்."

அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். பர்ஸைத் தொலைத்த ஒருவர் வந்து என்னை அதட்டினார். "என்னாம்மா, டூட்டியில யூனிஃபார்ம்கூட போட மாட்டீங்களா?" அவர் பெயரைக் கோணல்மாணலாக எழுதிக்கொண்டேன். இன்னொரு காவலர் இருந்திருந்தால் நானும் தேடப் போயிருப்பேன்.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் திரும்பி வந்தது. பஸ்ஸில் தூங்கிவிட்டு, கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்த மகள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னை அங்கே பார்த்ததும் அவள் முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, உன்ன எதுக்கும்மா புடிச்சிகினு வந்தாங்க?"