பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிய அக்கா

எங்கள் அக்கா குடுமியான்மலைக்குப் பக்கத்துக் கிராமத்தில், ஐப்பசி அடைமழையில் பிறந்தார். பள்ளிச் சான்றிதழில் மட்டும் ஜூன் மாதம் என்றிருக்கும். சேர்க்கப் போன அன்று தலைமையாசிரியர் தமக்கு வசதியான தேதியைப் போட்டுக்கொண்டார். நாள், மாதம் பார்த்துக் குறித்துவைக்கும் பழக்கமுள்ள எனக்கு அது உறுத்தும். அக்காவோ, "அச்சுல வந்துட்டா உண்மையாயிருமா தம்பி?" என்பார். எதையும் கேட்டவுடன் நம்பாத குணம் அவருடையது. இந்த முதலாண்டு நினைவில் அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

அக்கா வாழ்க்கைப்பட்டது பொன்னமராவதியில். மச்சான் வாடகைக் கார் வைத்து ஓட்டினார். அவர் மாரடைப்பில் போனபோது மகன் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. அக்கா ஓட்டுநர் வைத்துப் பார்த்தார். அவர் சொன்ன பெட்ரோல் கணக்கு உதைத்தது. தாமே ஓட்டக் கற்று, உரிமம் வாங்கி, சித்தன்னவாசலுக்கும் திருச்சி விமான நிலையத்துக்கும் ஆள் ஏற்றிப் போனார். அந்தக் காரில் வந்த வருமானம்தான் மகனைப் படிக்கவைத்து வளைகுடாவுக்கு அனுப்பியது.

பட்டறையில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு. கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்தால்தான் பில்லுக்குப் பணம். பிரேக் கட்டை, பில்டர், பிளக், பெல்ட் எல்லாம் சாக்குப்பையில் வீட்டுக்கு வரும். பட்டறைக்காரர் முகம் சுளித்தால், "மாத்துனது நெசந்தானே? அப்பப் பழசு இங்கனதான கெடக்கும், எடுங்க" என்பார்.

தை மாதம் விடுமுறையில் வந்த அக்கா மகன், என் மருமகன், அக்கா பெயரில் ஒரு மின்சாரக் கார் வாங்கினார்.

"ஆயில் இல்ல, பிளக் இல்ல, கிளட்ச் இல்ல. பழைய வண்டிய வித்துருவோம் ஆத்தா."

அக்கா பிடிகொடுக்கவில்லை. பத்திரிகைகளிலும் இணையத்திலும் வந்த செலவு ஒப்பீடுகளைத் திரட்டி அவருக்குப் படித்துக் காட்டினேன். "எழுதுனவரு எந்த வண்டி வச்சிருக்காரு?" என்றார். வீட்டில் சார்ஜ் ஏற்றினால் பெட்ரோலைவிட மலிவு என்பதில் எழுதியவர்கள் எல்லாரும் ஒத்துப்போனார்கள். ஆனால் காப்பீடு கூடுதல், டயர் சீக்கிரம் தேய்கிறது, உத்தரவாதம் முடிந்த பிறகு பேட்டரிக்கு என்ன ஆகும் என்பதற்கு ஆளுக்கொரு பேச்சு. அதனால் இரண்டு கார்களும் வாசலில் நின்றன. இரண்டுக்கும் காப்பீடு கட்டினார்.

முதல் சர்வீசுக்கு நானும் போனேன். "சாப்ட்வேர் அப்டேட் பண்ணிருக்கோம் மேடம்" என்றார் அங்கிருந்தவர்.

"சரி, பழசக் குடுங்க."

"அதக் கையில குடுக்க முடியாதுங்க மேடம்."

"அப்ப எடுத்தது எங்க போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"அவன எதுக்குப் பாக்குறீங்க? வண்டி எம் பேருல இருக்கு."

திரும்பும் வழியில்தான் அக்காவின் உண்மையான சந்தேகம் வெளியே வந்தது. "ஆயிலெல்லாம் கெடக்கட்டும் தம்பி. இது சார்ஜ் தீந்தா நின்டுபோகும். ராமேஸ்வரம், திருச்செந்தூர்னு சவாரி போக விடாம என்னைய இங்கனயே கட்டிப்போடப் பாக்குறான்." பெற்ற மகனையுமா என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா, வளைகுடாவுக்குத் திரும்பியிருந்த மகனைக் கைப்பேசியில் பிடித்தார்.

"நெசத்தச் சொல்லு. செலவு கொறையும்னு வாங்குனியா, ஆத்தா தூரமாப் போகக்கூடாதுன்னு வாங்குனியா?"

"ரெண்டுந்தான் ஆத்தா. நீ திருச்செந்தூர்ல இருந்து ஒத்தையா வாரேன்னு சொன்னா எனக்கு இங்க வேலையே ஓட மாட்டேங்குது."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா? நான் பேட்டரியப் போயிச் சந்தேகப்பட்டுக்கிட்டுக் கெடக்கேன்!"

அடுத்த வெள்ளிக்கிழமை பெட்ரோல் கார் விலைபோனது. மருமகன் நிம்மதியானார். அந்த நிம்மதி நீடிக்கவில்லை. ராமேஸ்வரம் போக ஒரு குடும்பம் கேட்டதும் அக்கா ஒப்புக்கொண்டுவிட்டார். செயலி காட்டிய சார்ஜிங் நிலையங்களை அவர் நம்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் பேசி, "மெசினு ஓடுதா, இல்ல போர்டு மட்டுந்தானா?" என்று கேட்ட பிறகே புறப்பட்டார். வழியில் வண்டி சார்ஜ் ஏற, வந்தவர்கள் சாப்பிட்டார்கள். கடற்கரையில் நின்று மகனுக்கு வீடியோவில் கடலைக் காட்டினார். அவர் திட்டவில்லை. "சாப்ட்டியா ஆத்தா?" என்று மட்டும் கேட்டார்.

மார்கழியில் வயிற்று வலி என்று படுத்தார். மருத்துவர் சொன்னதை நம்பாமல் மதுரையில் இன்னொருவரிடமும் காட்டினார். இருவரும் ஒன்றையே சொன்னார்கள். அன்று மட்டும் அக்கா திருப்பிக் கேட்கவில்லை.

மருமகன் வேலையை விட்டு வந்து, கடைசிவரை தாமே மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். இப்போது அந்தக் காரை அவர்தான் ஓட்டுகிறார். தூரத்துச் சவாரி வந்தால் மறுப்பதில்லை.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த இளைஞர்களுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், சுடுகாடுவரை உடன் வந்த பட்டறைக்காரருக்கும் நன்றி. ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்தும் தயங்காமல், குழந்தைகளோடு பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்த முதல் சவாரிக்காரருக்கு, அவர் யாரென்று எங்களுக்குத் தெரியாவிட்டாலும், எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.