மேடையில் நீலமான தங்கம்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நானோடெக்னாலஜி என்ற சொல்லுக்கே ஒரு மவுசு. மேடவாக்கத்தைத் தாண்டி இருந்த எங்கள் கல்லூரியும் அந்தப் பெயரில் வருடா வருடம் கருத்தரங்கு நடத்தியது. அதில் எழுதப்படாத ஒரு சட்டம் உண்டு. ஆண்கள் மேடையில் பேசுவார்கள்; ஆராய்ச்சி மாணவிகள் பட்டுப்புடவையில் வாசலில் நின்று பன்னீர் தெளிப்பார்கள்.

அந்த வருடம் பேசவேண்டியது என் ஆராய்ச்சியைப் பற்றி. கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களை ஒரே அளவில் செய்து தண்ணீரில் மிதக்கவிடுவது. தங்கம் என்றாலும் அந்தத் தண்ணீர் மாதுளைச் சாறு மாதிரி சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்புக்காகத் தாம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கி வந்து மூன்று வருடம் மாரடித்திருந்தேன்.

"நீ ரிசப்ஷனைப் பாத்துக்கோம்மா. தம்பி பேசட்டும், அவனுக்கு ஸ்டேஜ் பயம் கிடையாது" என்றார் எங்கள் பேராசிரியர். தம்பி என்றது லேபில் புதிதாகச் சேர்ந்திருந்த என் ஜூனியரை. எனக்கு மேடை பயம் என்று இவருக்கு யார் சொன்னது? பேசுகிறவன் வேலையாகத்தானே ஊர் அதை நினைக்கும்! தலைமை விருந்தினராக வந்த பெண் விஞ்ஞானிக்குப் பன்னீர் தெளித்துவிட்டு, அரங்கத்தின் கடைசியில் போய் நின்றேன்.

அவன் கடகடவென்று பேசினான். பிறகு, பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று, நான் செய்து கொடுத்திருந்த குப்பியில் இருந்த சிவப்பில் பாதியைப் பெரிய குடுவையில் ஊற்றிக் குழாயில் பிடித்துவைத்திருந்த தண்ணீரை விட்டு நிரப்பினான். எங்கள் குழாயில் வந்தது லாரித் தண்ணீர். வாயில் வைத்தால் கரிக்கும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு ஊதாவாகி, நீலமாகிவிட்டது.

"ஏன் கலர் மாறிடுச்சு?" என்று கேட்டார் தலைமை விருந்தினர். என் ஜூனியர் திரும்பி, பேராசிரியரைப் பார்த்தான். பேராசிரியர் புரொஜெக்டரைப் பார்த்தார்.

"லாரித் தண்ணி மேடம்! அதுல உப்பு!" என்று பின்னாலிருந்து கத்தினேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று மேடையேறி மைக்கை வாங்கினேன். துகள்கள் விலகி இருக்கும்வரை சிவப்பு, உப்பு பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீலம் என்று விளக்கினேன். அப்படி எத்தனை குடுவையைக் கொட்டியிருக்கிறேன்! குப்பியில் மிஞ்சியதில், லேபிலிருந்து எடுத்துவரச் சொன்ன காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினேன். சிவப்பு சிவப்பாகவே நின்றது.

"இது யாரோட வொர்க்?"

"எங்க லேப் டீம் வொர்க் மேடம்" என்றார் பேராசிரியர்.

"இல்ல சார், என் வொர்க்" என்றேன். மைக் என் கையில் இருந்ததால் அரங்கம் முழுக்கக் கேட்டது.

தலைமை விருந்தினர் சிரித்தார். "அப்போ நீங்களே பேசுங்க. உங்க பேரு?"

இனிஷியலாக மட்டும் எழுதும் அத்தாவின் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். கர்வமாகத்தான் சொன்னேன். மீதி உரை முழுவதையும் நானே பேசினேன்.