ஏழரையும் லிப்ட்காரரும்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மேற்பார்வையாளர் என்று பெயர். மேற்பார்வை பார்க்க ஆள் இருந்தால்தானே. ஆறு பேர் வேலை செய்த இடத்தில் மூன்று பேரைக் குறைத்துவிட்டு, பதிலுக்குப் புது இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அது துவைக்கும், பிழியும், உலர்த்தும். தலையணை உறைக்குள் யாரோ மறந்துபோன மூக்குக்கண்ணாடியை எடுத்து வைக்க அதற்குத் தெரியாது. கறை போகாத விரிப்பைத் தனியே ஒதுக்கத் தெரியாது. அதையெல்லாம் அவள்தான் செய்தாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது இரண்டு முழங்காலும் வேறு யாருடையவையோ என்பது போல இருக்கும். வீட்டில், கல்யாணம் முறிந்து பெட்டியோடு திரும்பி வந்த மகள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டு ஒரு அறைக்குள் இருந்தாள்.

அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பைத்தியம். புரோகிரசிவ் ராக். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், நடுவில் நாலு தடவை தாளம் மாறும், பாடகர் வாயைத் திறப்பதற்குள் காபி ஆறிவிடும், அந்த மாதிரிச் சங்கீதம். சிறு வயதில் அண்ணன் வெளியூர் வேலைக்குப் போனபோது விட்டுப்போன கேசட் பெட்டியில் தொடங்கியது அது. வீட்டில் எட்டுப் பேரின் துணியை இஸ்திரி போடுவது அவள் வேலை. மூன்று நிமிஷப் பாட்டு என்றால் முடியும்போதெல்லாம் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கண் கூடையைப் பார்க்கும். இந்தப் பாட்டுகள் அப்படி முடிவதே இல்லை. தலையை நிமிர்த்தினால் கூடை காலியாகியிருக்கும். பிறகு கல்யாணமாகி, கணவரிடமும் போட்டுக் காட்டினாள். அந்த நல்ல மனுஷர் பத்து நிமிஷம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். அவர் போய்ச் சேரும் வரை அவள் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வருஷத்துக்கு ஒருமுறை, ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட விமானத் தளத்தில், இந்த இசைக்கென்று மூன்று நாள் விழா நடக்கும். பெரிய மேடைப் பக்கம் இளசுகள் நிற்பார்கள். சின்ன மேடைக்குப் பின்னால் ஒரு காபி வண்டி, அதை ஒட்டி ஒரு தார்ப்பாய், அதன் கீழே மடக்கு நாற்காலிகள். அங்கே உட்காருகிறவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்லர், சண்டை போட வந்தவர்கள். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டுக் காணாமல்போன குழுக்கள், அம்மா அப்பா தவிர யாரும் வாங்காத ஆல்பங்கள், இவற்றில் எது உசத்தி என்பதுதான் சண்டை.

முதல் வருஷம் தயங்கித் தயங்கி ஓரமாக நின்றவள், அங்கே ஒருவர் ஒரு பாட்டின் தாளம் ஏழு என்று அடித்துச் சொன்னதைக் கேட்டு, "ஏழு இல்லைங்க, ஏழரை" என்று சொல்லிவிட்டாள். தொடையில் தட்டி எண்ணிப் பார்த்தார்கள். ஏழரைதான். "சரிதான், இன்னைக்கு நமக்கு ஏழரை பிடிச்சிருக்கு" என்றார் அவர். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே அதுதான் பெயர். சொன்னவர் லிப்ட் மாட்டுகிற மெக்கானிக். அவரை எல்லோரும் லிப்டு என்பார்கள்.

அவளுடைய கட்சி, 'ஈர ஏணி' என்ற குழு. அவருடையது 'மூன்றாம் அலமாரி'. இரண்டையும் கேட்டவர்களை ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம், உட்கார இடமும் மிஞ்சும். ஆனாலும் பதினெட்டு வருஷம் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உங்க ஏணியோட பெரிய பாட்டு இருக்கே, அது ஒரு பாட்டே இல்ல. நாலு பாட்டை ஒட்டுப்போட்டு வச்சிருக்காங்க. ஒட்டு எங்க இருக்குன்னு கையை வச்சுக் காட்டறேன்" என்பார் லிப்ட்காரர்.

"உங்க அலமாரி டிரம்மர் மட்டும் என்ன வாழுதாம்? பூட்டின வீட்டு முன்னாடி நின்னு சாவி தேடற மாதிரி வாசிக்கிறான்."

"தேடறான்னாவது ஒத்துக்கறீங்களே. உங்க ஆளுக்குத் தொலைச்சதே தெரியாது."

இப்படியே மூன்று நாளும் போகும். பிறகு நாற்காலியை மடக்கிக்கொண்டு அவரவர் பஸ்ஸுக்குப் போவார்கள். அடுத்த வருஷம் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இந்த வருஷம் அவள் போயிருக்கவே வேண்டாம். மகள்கூட, "லீவு போட்டுட்டு வீட்ல தூங்கேம்மா" என்றாள். நியாயமான யோசனை. இருந்தும் கால் பழக்கத்தில் போய்ச் சேர்ந்தது. தார்ப்பாய்க்குக் கீழே டிரைவிங் மாஸ்டர் மட்டும் இருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாழ்நாளெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தவர், வாதத்திலும் அதையேதான் செய்வார்.

"லிப்டு வரலையா?" என்றாள்.

"உங்களுக்குத் தெரியாதா?" மாஸ்டர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பக்கவாதம். ரெண்டு மாசம் ஆச்சு. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. அவர் இருக்கற தெருவுலேருந்து ஒரு பையன் என்கிட்ட கார் ஓட்டப் படிக்கிறான், அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்."

உலகத்தில் உள்ள அத்தனை டிரம்மர்களைப் பற்றியும் லிப்ட்காரர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அவருக்குப் பிள்ளைகள் உண்டா என்று தெரியாது. எந்தத் தெரு என்று தெரியாது. போன் நம்பர் கேட்க வேண்டும் என்று ஒருநாளும் இருவருக்கும் தோன்றியதில்லை. பேச்சை மாற்ற எண்ணி, ஏணியின் பெரிய பாட்டைப் பற்றி ஏதோ தொடங்கினாள். "நீங்க சொல்றதும் சரிதான்" என்றார் மாஸ்டர். அதற்குமேல் பேச என்ன இருக்கிறது.

மறுநாள் மத்தியானம் ஒரு பெண்மணி கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு தார்ப்பாய்ப் பக்கம் வந்தாள். திருவிழாக் கூட்டத்தில் தப்பான வாசலில் நுழைந்துவிட்டவள் போல முழித்தாள்.

"இங்க ஏழரைங்கறது யாருங்க?"

"நான்தான்."

"நீங்களா?" அவள் மேலும் கீழும் பார்த்தாள். "நான் ஆம்பளைன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். லிப்ட் மெக்கானிக் வீட்டம்மா நான்."

மாஸ்டர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அவள் நுனியில் உட்கார்ந்தாள்.

"வருஷா வருஷம் இங்கேருந்து வந்ததும் ஒரு வாரத்துக்கு உங்க பேச்சுதான். 'ஏழரை சொன்னதுல ஒரு ஓட்டை இருக்கு'ம்பார். குளிக்கும்போதுகூட உங்களுக்குப் பதில் சொல்லிக்கிட்டிருப்பார். எனக்கு எரிச்சலா வரும். இப்ப அவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வாய்ல வருது. 'இல்ல'. பசிக்குதான்னா இல்லம்பார், தட்டை வச்சா சாப்பிடுவார். என்னைத் தெரியுதான்னு கேட்டேன். அதுக்கும் இல்லதான். கண்ணுல தண்ணி வருது, வாய் இல்லங்குது. அவரா சொல்றது இல்லம்மா, வேற வார்த்தை வரலைன்னு டாக்டர் சொல்றார். எனக்குத் தெரியும். தெரிஞ்சா மட்டும்? நாள் பூரா அதையே கேட்டுக்கிட்டு எப்படிங்க இருக்கறது?"

"நான் என்ன செய்யணும்?"

"தெரியலைங்க. ஒரு தடவை வந்து பாருங்களேன்."

அவளுக்குப் போக மனமில்லை. வருஷம் முழுக்க நோயாளிகளின் விரிப்புகளோடு கிடப்பவள், கிடைத்த மூன்று நாளில் இன்னொரு நோயாளியின் அறைக்குள் போக வேண்டுமா? அன்று சாயங்காலம் சின்ன மேடையில் ஏறவிருந்த கிழவர்களின் குழுவை அவள் எத்தனையோ வருஷமாகக் காத்திருந்து கேட்க வந்திருந்தாள். ஆனால் அந்தப் பெண்மணி அதற்குமேல் ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கைப்பையின் வாரை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். கெஞ்சியிருந்தால் மறுத்திருக்கலாம்.

மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிப்ட் மாட்டினார். எங்களுக்கு வாய்ச்சது இந்தப் படிதான்" என்றாள் வீட்டம்மா, சிரிக்காமல். ஏழரை ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் அவர் இருந்தார். வலது கை ஒரு தலையணைமேல், யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. அவளைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் மலர்ந்தது.

"இல்ல" என்றார்.

எப்படி இருக்கீங்க என்று கேட்பது அபத்தம். உடம்பைப் பற்றி, வீட்டைப் பற்றி அவரோடு பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை. தெரிந்தது ஒன்றுதான்.

"நேத்து மாஸ்டர்கிட்ட சொன்னேன். ஏணியோட பெரிய பாட்டுல ஒட்டுங்கற பேச்சுக்கே இடமில்லைன்னு. அவரும் ஒத்துக்கிட்டார்."

"இல்ல" என்றார் லிப்ட்காரர்.

இது வேறு 'இல்ல'. வாயிலிருந்து தானாக விழுந்தது அல்ல. அவர் எடுத்து வைத்தது. அவளுக்கு அது உடனே தெரிந்தது, ஏனென்றால் இதே தொனியில் பதினெட்டு வருஷம் கேட்டிருக்கிறாள்.

"என்ன இல்ல? ஒரே மூச்சுல வாசிச்சது அது."

"இல்ல."

"அலமாரி டிரம்மரால ஒரு நிமிஷம் அப்படி வாசிக்க முடியுமா?"

"இல்ல, இல்ல, இல்ல." இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டியது. வாசலில் நின்ற வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

அப்போது ஏழரைக்கு ஒரு குறும்பு தோன்றியது. பிற்பாடு அதை நினைத்து வெட்கப்பட்டாள். "சரி விடுங்க. அலமாரி டிரம்மர்தான் எல்லாரையும்விட உசத்தி. போதுமா?"

அவர் வாய் திறந்தது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது அவளுக்கே தெரிந்தது. அவர் உதடுகளை இறுக்கி மூடினார். மூடியது போதாமல் இடது கையால் வாயைப் பொத்தினார். கழுத்து நரம்பு புடைக்க, ஒரு சத்தமும் வராமல், தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"சொல்லலை" என்றாள் வீட்டம்மா. "அவர் இல்லன்னு சொல்லலை."

அதன்பிறகு அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், வார்த்தையை நிறுத்திப் பிடிக்கத் தெரிந்ததே பெரிய விஷயம், விடாமல் சண்டை போடுங்கள் என்றாள். ஏழரை வார விடுமுறையில் போனாள். எல்லா வாரமும் இல்லை. சில வாரம் படியை நினைத்தாலே கால் மறுத்தது. ஒருநாள் அலமாரியின் இரண்டாவது ஆல்பத்தைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள். விழித்தபோது காலில் ஒரு போர்வை கிடந்தது. லிப்ட்காரரும் தூங்கிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒருநாள் ஏணியின் பெரிய பாட்டை ஓடவிட்டுவிட்டு இருவரும் சும்மா இருந்தார்கள். பாதியில் அவர் இடது கையைத் தூக்கினார்.

"ஒட்டு" என்றார்.

இரண்டாவது வார்த்தை. சமையலறையில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. அவள் பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். இருந்தது. மூச்சு ஒன்று பாதியில் அறுந்து வேறொரு மூச்சு தொடங்குகிற இடம். இத்தனை வருஷம் எப்படிக் கேட்காமல்போனாள்? முந்தின நாள்தான் சலவைக்கூடத்தில் இன்னொருத்தியையும் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். எதிர்த்துப் பேச அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

"ஆமாங்க. இருக்கு" என்றாள்.

அவர் முகம் விழுந்துவிட்டது. விளையாட்டு நடுவில் மின்சாரம் போனதுபோல அவளையே பார்த்தார். இதற்கா இத்தனை மாதம் இந்த வார்த்தையைத் தேடினேன் என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருந்தா என்ன இப்ப? ஒட்டுப்போட்ட கம்பளி குளிருக்கு ஆகாதா?"

"இல்ல!" என்றார், சந்தோஷமாக.

அடுத்த விழாவுக்கு அவரை ஒரு மத்தியானம் மட்டும் கொண்டுவந்தார்கள். மாஸ்டர் காரோடு போய், இரண்டு பேரைப் பிடித்து நாற்காலியோடு படியில் இறக்கினார். வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்தாறு வார்த்தைகள் கைவசம் இருந்தும் அன்று அதிகம் பேசவில்லை. சீக்கிரமே கண் சொருகியது. திரும்பவும் கொண்டுபோய் விட வேண்டும், திரும்பவும் படி ஏற்ற வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பேசியது வீட்டம்மாதான். வருஷம் முழுக்கச் சமையலறையில் நின்றபடி இரண்டு குழுவையும் கேட்டுக் கேட்டு அவளுக்கென்று ஒரு கட்சி உண்டாகியிருந்தது. இரண்டு பேரும் மதிக்காத மூன்றாவது குழு ஒன்று, புல்லாங்குழல்காரரை நம்பிப் பிழைத்த குழு.

"ஏணியும் வேண்டாம், அலமாரியும் வேண்டாம். அந்தக் குழல்காரப் பையன் ஒருத்தன்தான் எதிர்ல இருக்கறவங்க கேக்கறாங்களான்னு பாத்து வாசிக்கிறான்" என்றாள்.

"நீங்க சொல்றதும்..." என்று மாஸ்டர் ஆரம்பித்தார்.

"சரிதான்னு சொல்லாதீங்க. ஏன் சரின்னு சொல்லுங்க."

மாஸ்டர் இல்லாத பிரேக்கைத் தேடுகிறவர் போலக் காலை நகர்த்தினார். வீட்டம்மா சொன்னதற்கு ஏழரையிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்லத் தொடங்கினால் ஒரு மணி நேரம் ஆகும். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அவள் நாலு பேருக்கும் காபி வாங்க எழுந்தாள். வண்டிக்கு முன்னால் வரிசை நீளமாக நின்றது. அவள் போய்க் கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.