அண்ணன் முறை

விவாகரத்து ஆனவனுக்கு மதுரையில் வீடு கிடைப்பது கஷ்டம். என் தொந்தியும் வழுக்கையும் நன்னடத்தைச் சான்றிதழ் போல வேலை செய்ததால் கே.கே. நகரில் ஒரு மாடி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்காரம்மா.

எனக்கு ஒரு சினேகிதி உண்டு. அவள் உசிலம்பட்டிப் பக்கம் ஆசிரியை. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. பல் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பழக்கம். இளசுகளுக்கு ஆற்றங்கரை, எங்கள் வயதுக்குக் கடைவாய்ப் பல். ஆளுக்கு ஒரு கல்யாணம் போதும் என்பதில் எங்களுக்குள் முழு உடன்பாடு. ஞாயிறு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சேர்ந்திருக்க வேண்டும், யாருக்கும் விளக்கம் சொல்லக் கூடாது. ஆசை அவ்வளவுதான்.

முதல் ஞாயிறே வீட்டுக்காரம்மா படிக்கட்டில் மறித்தார். “யாரும்மா நீ?”

நான் வாய் திறக்கும் முன் அவள்தான் சொன்னாள்: “இவுக எங்க பெரியம்மா மகன். அண்ணன் முறை.”

“அதான பாத்தேன். மூக்கு அப்படியே உரிச்சு வச்சிருக்கு.”

மேலே வந்ததும், அத்தை மகன் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அது கட்டிக்கிற முறை. நாளைக்கே தேதி குறிச்சிருவாக.”

அண்ணன் தங்கைக்கு நடுவே சாத்திய கதவு எதற்கு? அடுத்த ஞாயிறு வீட்டுக்காரம்மா பணியாரத்தோடு ஏறி வந்தார். வந்த பெண்ணைத் தனியே விடுவது மரியாதை இல்லையாம். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும்வரை எழவில்லை. பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

“ஏம்மா, ஒத்தையில கெடக்காரு மனுசன். அண்ணனுக்கு ஒரு பொண்ணப் பாக்கக் கூடாதா?”

“இவுகள யாருக்கா கட்டுவா? கொறட்டை விடுவாக,” என்றாள் அவள். உடனே சுதாரித்து, “சின்ன வயசுலருந்தே.”

போனில் அதைச் சொல்லிச் சிரித்தோம். நாளாக ஆகச் சிரிப்பு குறைந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நாள் கேட்டேன்.

“சொல்லுங்க. நீங்க வேற வீடு பாக்கணும். நான் வேற ஊரு பாக்கணும்.”

அடுத்த ஞாயிறும் மூன்று பேருமாகப் பணியாரம் சாப்பிட்டோம்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வீட்டுக்காரம்மா அவள் கையில் ஒரு சேலையை வைத்தார். “எனக்குப் பொம்பளப் பிள்ள இல்ல. நீ கட்டிக்கம்மா.” அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். ஏறும்போது சொன்னாள்: “பொய் சொல்லி உள்ள வந்துட்டேன். பொய் சொல்லிச் சேலை வாங்குனதத்தான் தாங்க முடியலங்க.”

அதற்கப்புறம் அவள் வரவில்லை. போனும் குறைந்து நின்றது.

“அண்ணன் தங்கச்சிக்குள்ள என்ன சண்ட? தம்பி, மூத்தவரு நீங்கதான் எறங்கிப் போகணும்,” என்றார் வீட்டுக்காரம்மா. கண்ணில் உண்மையான வருத்தம்.

“சரிக்கா,” என்று மேலே வந்தேன்.

இப்போது ஞாயிறு மதியம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுக்கொள்கிறேன். யாரும் ஏறி வருவதில்லை.