இசோகாயின் பெயர் முத்திரை

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நகோயாவுக்குத் திரும்பிய நான், இசோகாயின் சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை எடுத்தேன். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் முத்திரை குத்த வேண்டிய இடத்தில் அவர் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். தபால்காரரிடம் பார்சல் வாங்கவே முத்திரை கேட்கும் ஊர் இது.

"ஒண்ணு இருந்துச்சு, சண்டை நடந்தப்போ," என்றார். மீதியைச் சொல்ல அவருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

போரின்போது அவர் துறைமுகத்தை ஒட்டிய விமானத் தொழிற்சாலையில் பரிசோதகர். கப்பலின் மேல்தளத்திலிருந்து எழும்பும் குண்டுவீச்சு விமானங்கள் அங்கே உருவாயின. கப்பலுக்குள் இடம் குறைவு என்பதால் அவற்றின் இறக்கைகள் மடியும். வானத்தில் மடிந்துவிடாமல் கீலுக்குள் பூட்டும் ஆணி ஒன்று இறங்கி நிற்கும். அது சரியாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, அந்த விமானத்தின் அட்டையில் தன் முத்திரையைக் குத்துவது அவர் வேலை.

1943 வசந்தத்தில் புதிய வகை வந்தது. குண்டின் எடை கூடியது, இறக்கை அகன்றது, ஆணியும் நீளமானது. பழைய ஆணியை மேலிருந்து பார்த்தாலே போதும். புதியதற்கு இறக்கையடியில் மல்லாந்து படுத்து விரலால் தடவ வேண்டும். நுனி ஒரு நகத்தளவு வெளியே நீண்டிருக்க வேண்டும். பழைய ஆணிகளும் அதே தட்டுகளில்தான் கிடந்தன; மாறிவிட்டால் பூட்டு பிடிக்காது.

பரிசோதகர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வெளியே போனால் முத்திரையை மேஜை இழுப்பறையில் விட்டுப் போவார்கள், பக்கத்து ஆள் குத்திவிடுவான். எடுத்துக்கொண்டு போனால் நம்பவில்லை என்று அர்த்தம்.

ஒரு நாள் போரில் இறந்த அடுத்த வீட்டுப் பையனின் சாம்பல், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் ரயிலில் வந்தது. தெருவே நிலையத்துக்குப் போனது, இசோகாயும் முத்திரையை இழுப்பறையில் விட்டுவிட்டு அரை நாள் போனார். மறுநாள் காலை ஹிபினோ, பக்கத்து மேஜைப் பரிசோதகன், அவரைவிடப் பத்து வயது இளையவன், சிரித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, உங்க பேருல அஞ்சு விமானம் பாஸ் பண்ணிட்டேன். ஒரு டீயாவது வாங்கித் தாங்க."

"கீழ படுத்துத் தடவிப் பாத்தியா?"

"எதுக்கு? மேலேருந்து பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு."

"டேய், அது புது வகைடா."

ஹிபினோவின் முகம் வெளுத்தது. ஐந்தும் ஏற்கெனவே கடற்படையின் கொட்டகைக்குப் போய்விட்டன. மறுநாள் விடிந்ததும் கப்பலுக்குப் பறக்க வேண்டியவை. அதிகாரி உத்தரவில்லாமல் ஒரு கீல் மூடியைக்கூடத் திறக்க முடியாது.

"அண்ணே, சொல்லிராதீங்க. வேலையை விட்டுத் தூக்கினா அடுத்த வாரமே பட்டாளத்துக்குச் சீட்டு வந்துரும். வீட்ல அவ மாசமா இருக்கா."

"ஒரு விமானத்துல ரெண்டு பேரு உக்காருவானுங்கடா."

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்ல?"

இசோகாய் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். ஐந்து அட்டைகளையும் பார்த்துவிட்டு மேற்பார்வை அதிகாரி கேட்டார்:

"யாரு முத்திரை இது?"

"என்னோடதுங்க, ஐயா."

"ஆணியைத் தொட்டுப் பாத்தியா?"

"இல்லைங்க."

பொய் ஒன்றுகூட இல்லை. அடி விழுந்ததில் ஒரு காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை. மூடிகளைத் திறந்தபோது ஐந்தில் இரண்டில் பழைய ஆணி இருந்தது. மாற்றச் சொன்னார்கள். அவரே படுத்து, அவரே தடவிப் பார்த்தார். முத்திரையை அதிகாரி இரும்புச் சீவல் தொட்டியில் வீசினார், வேலையும் போனது. பதினோராம் நாள் பட்டாளச் சீட்டு வந்தது. தெற்கே ஏதோ தீவில் மண் வெட்டி, மலேரியாவோடு மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பினார்.

ஹிபினோ இப்போதும் புத்தாண்டுக்கு வருகிறார். இந்த வருடம் நான் கீழே இருந்தபோது ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். இசோகாயின் பெயரில் புதிதாகச் செதுக்கிய முத்திரை.

"இந்த வருஷமாவது வாங்கிக்கங்க, அண்ணே."

"உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா எங்கயும் குத்திராதே."

ஹிபினோ சிரித்தார். அழுதும்விட்டார்.

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "அந்த அஞ்சு விமானம் என்னாச்சு?"

இசோகாய் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் கப்பலே மூழ்கிப் போச்சாம். அன்னிக்குக் காலையில எல்லா விமானமும் கிளம்பிருச்சாம். எதுவும் திரும்பலை." கேட்காத காதைத் தேய்த்துக்கொண்டார். "பூட்டு நல்லாத்தான் பிடிச்சிருக்கும். அதனாலதானே அவ்வளவு தூரம் போயிருக்கானுங்க."