நெல் மேல் ஓடிய அத்தை

என் அத்தை ஒரு ஐப்பசியில் ஐந்து நாள் நெல் மேல் ஓடியது. கேட்டால் நம்ப மாட்டார்கள். பக்கத்தில் நின்று நேரம் பார்த்ததே நான்தான்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கச்சி. தஞ்சாவூரில் காலேஜ் படித்தது. அங்கே பாக்ஸிங் பழகியது. எங்கள் ஊரில் அதற்கு முன்னால் அடிதடியை யாரும் வகுப்பு வைத்துப் படித்ததில்லை. மூக்கு உடைந்தால் எவன் கட்டுவான் என்று அம்மா வாரம் ஒரு தடவை கேட்கும். "ஒடைக்கிறவளுக்கு எப்படி அண்ணி ஒடையும்" என்று அத்தை சொல்லும்.

அந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் தேர்வு. அத்தையின் வயசுப் பிரிவு அந்த வருஷத்தோடு முடிகிறது. விட்டால் கிடையாது.

தினமும் விடியற்காலையில் வாய்க்கால் கரையில் ஓடும். நான் சைக்கிளில் பின்னால் போவேன். மழை பிடித்ததும் கரை சேறாகிவிட்டது. ஒரு நாள் அத்தை வழுக்கி விழுந்தது. இந்த நேரத்தில் கால் பிசகினால் எல்லாம் போச்சு, வீட்டுக்குள்ளேயே மூச்சைப் பழக்கு என்று கோச் போனில் சொல்லிவிட்டார்.

வீடு என்றால் பாதி கட்டி நிறுத்தியிருந்த வீடு. தளம் போட்டாச்சு. பூச்சு இல்லை, கதவு இல்லை. ஜன்னலுக்குத் தார்ப்பாய். ஹாலில் ஃபேன் கொக்கியில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, உள்ளே உமியும் பழைய துணியும் அடைத்து, அத்தை குத்தும். கயிறு குதிக்கும். படிக்கட்டில் ஏறி இறங்கும். நின்ற இடத்திலேயே முட்டி தூக்கி ஓடும். மூன்று நிமிஷம் ஓட்டம், ஒரு நிமிஷம் ஓய்வு. எனக்குப் பள்ளிக்கூடம் மழை லீவு. அத்தையின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் "டைம்" என்று கத்த வேண்டும். அவ்வளவு பெரிய வேலை எனக்கு அதற்கப்புறம் கிடைக்கவில்லை.

தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை அந்த இடமும் போனது. ரெண்டு நாளைக்கு முன்னால் மழை கொஞ்சம் விட்டதும் அப்பா மெஷின் வைத்துக் குறுவை நெல்லை அறுத்திருந்தார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று வாங்கவில்லை. நெல்லை எல்லாம் அந்த ஹாலில் கொண்டுவந்து கொட்டினார். மூட்டை தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரோரம் படுத்துவிட்டார்.

ஈர நெல் குவிந்து கிடந்தால் சூடேறும். சூடேறினால் முளைக்கும். முளைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதை விற்றால்தான் அடுத்த போகம், தாளடி நடவு. பரப்பிவிட்டு, விடாமல் காலால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மா ஒரே ஆள். மத்தியானத்துக்குள் கால் ஓய்ந்துவிட்டது. கயிற்றை வைத்துக்கொண்டு இடம் தேடி நின்ற அத்தையைப் பார்த்து அம்மா சொன்னது:

"சும்மா நின்னு குதிக்கிறதுக்கு இதுல வந்து குதியேன்."

ஏச்சுதான். அத்தை கொஞ்ச நேரம் நெல்லைப் பார்த்தது. ஷூவைக் கழற்றியது. என்னிடம் "டைம் வை" என்றது.

கணுக்கால் மூழ்கும் நெல். சுவருக்குச் சுவர் ஓடியது. பாதத்தைத் தூக்காமல் உழுதுகொண்டு ஒரு தடவை, முட்டியைத் தூக்கி ஒரு தடவை. போன இடமெல்லாம் ஏர் ஓட்டின மாதிரி கோடு. நெல்லிலிருந்து ஆவி கிளம்பியது. அத்தையின் தோளிலிருந்தும் கிளம்பியது. வெளியே மழை, உள்ளே நெல், எது எந்தச் சத்தம் என்று தெரியவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முதல் சுற்று நாலு நிமிஷம் ஆகிவிட்டது. அத்தை திட்டவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தது.

நெல்லில் என்ன ஓட்டம் என்று அப்பா படுத்தபடியே கேட்டார். பிறகு கையை உள்ளே விட்டுப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது.  குறுக்கே தொங்கின சாக்கை அம்மாவிடம் சொல்லி மேலே தூக்கிக் கட்ட வைத்தார்.

செவ்வாயும் ஓடியது. புதனும் ஓடியது. நெல் சுணை பட்டு முழங்கால் வரை சிவந்து தடித்தது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி இறங்கும்.

புதன் சாயங்காலம், ஒரு சுற்றின் நடுவில் போன் அடித்தது. கோச். கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை நெல்லுக்குள் நின்றபடியே கேட்டது. "சரிங்க சார்" என்றது. அப்பாவைப் பார்த்தது. அவர் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார், ஒரு கை நெல்லுக்குள். "பாக்குறேங்க சார்" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தது.

"மொதல்லேருந்து வை."

வைத்தேன். அத்தை அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மூன்று நிமிஷம் ஆனதும் "டைம்" என்று கத்தினேன். நிற்கவில்லை. மறுபடி கத்தினேன். நிற்கவில்லை. கோச் ஏதோ பாராட்டியிருக்கிறார், அந்தச் சந்தோஷம் என்று நினைத்தேன்.

வியாழன், வெள்ளி ஓடியது. சனிக்கிழமை வெயில் அடித்தது. நெல்லை ரோட்டில் கொட்டிப் பரப்பினோம். ஒரு மணிகூட முளைக்கவில்லை.

ஞாயிறு காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தார்.

"கெளம்பு பாப்பா. தஞ்சாவூருக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அத்தை காலால் நெல்லைத் துழாவிக்கொண்டே சொன்னது:

"அது முடிஞ்சிடுச்சுண்ணே. மழைக்குப் பயந்து வியாழக்கெழமையே வச்சுட்டாங்க. சார் புதன்கெழமையே போன் பண்ணி வரச் சொன்னாரு."

 அப்பா சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அத்தைக்குப் பக்கத்தில் இறங்கித் துழாவ ஆரம்பித்தார். 

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அப்ப வியாழன், வெள்ளி எதுக்கு ஓடுன என்று அத்தையைக் கேட்டேன்.

"நெல்லு மொளைச்சிடும்ல."

அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. போட்டிக்கு ஓடுகிறது என்று நம்பி ரெண்டு நாள் பூராவும் நேரம் பார்த்திருக்கிறேன். என்னை ஏமாற்றிவிட்டது என்று அன்றைக்கு முழுக்க அத்தையோடு நான் பேசவில்லை.